பிள்ளை பெற்ற வயிறு பழைய நிலைக்குத் திரும்ப: மலையகத் தாய்மாருக்கு ஒரு வழிகாட்டி

பிள்ளை பிறந்து மூன்று மாதங்கள் கழிந்த பின்பும், ஹட்டனுக்கோ தலவாக்கலைக்கோ போகும் பஸ்ஸில் யாராவது ஒருவர் எழுந்து இடம் கொடுத்து, "இது எத்தனையாவது மாசம்?" என்று கேட்டுவிடுகிறார். அந்தக் கேள்வியின் சங்கடத்தில் வீட்டுக்கு வந்தவுடன் சிலர் சோற்றைக் குறைக்கிறார்கள். சிலர் வயிற்றில் துணியை மூச்சு முட்டும் அளவுக்கு இறுக்குகிறார்கள். இளையவர்கள் கைத்தொலைபேசியில் ஒரு காணொளியைப் பார்த்து, படுத்தபடி எழும்பி எழும்பி உட்காரும் பயிற்சியைத் தொடங்குகிறார்கள். என் இரண்டாவது பிள்ளைக்குப் பின் நானும் இந்த மூன்றாவது வழியைத்தான் பிடித்தேன். வயிறு உள்ளே போவதற்குப் பதிலாக, தொப்புளுக்கு மேலே கூரை முகடு போல் ஒரு மேடு எழுந்ததுதான் மிச்சம். தேயிலைத் தோட்டங்களில் வாழும் பெண்களின் உடம்புக்கு உழைப்புப் போதாமல் வயிறு தளர்வதில்லை. பெரும்பாலும், உழைப்பு நேரத்துக்கு முந்தி வந்துவிடுவதால்தான் வயிறு திரும்பச் சேர்வது தாமதிக்கிறது. ஆகவே எதைச் செய்வது என்பதைவிட, எதற்குப் பின் எதைச் செய்வது என்பதையே இந்தக் கட்டுரை முக்கியமாகக் கொள்கிறது.

பிரசவத்துக்குப் பின் தெரியும் வயிறு ஒரே பொருளால் ஆனதல்ல. முதலாவது, கருப்பை: பிள்ளை பிறந்தவுடன் ஏறத்தாழ 1 கிலோ எடையுடன் தொப்புள் மட்டத்தில் நிற்கும் அது, நாளுக்கு ஏறக்குறைய ஒரு விரல் அகலம் கீழிறங்கி, இரண்டு வாரத்தில் இடுப்பெலும்புக்குள் மறைந்து, ஆறு வாரமளவில் 100 கிராமுக்கும் குறைவாகச் சுருங்கிவிடுகிறது. இரண்டாவது, உடம்பில் தேங்கிய நீர். அது முதல் ஒன்றிரண்டு வாரங்களில் வியர்வையாகவும் சிறுநீராகவும் வெளியேறுகிறது. மூன்றாவது, வயிற்றின் முன்சுவர்: நெஞ்செலும்பிலிருந்து அடிவயிறு வரை இரு பக்கமும் ஓடும் இரண்டு நீண்ட தசைப் பட்டிகளை நடுவில் தைத்து வைத்தது போன்ற ஒரு வெண்ணிற நார்ப்பட்டை, பிள்ளை வளர வளர அகன்று மெலிந்துவிடுகிறது. நான்காவதாகத்தான் கொழுப்பு வருகிறது. அதனுடன் இழுபட்ட தோலும் சேர்ந்துகொள்கிறது. இவற்றுள் உணவைக் குறைத்துக் கரைக்கக்கூடியது கொழுப்பு ஒன்றுதான். கையும் காலும் குச்சியாக இருக்க, வயிறு மட்டும் முன்தள்ளியிருக்கும் ஒரு பெண் பட்டினி கிடந்தால், அவளுடைய வயிற்றுச் சுவர் இன்னும் பலவீனமாகுமே தவிரச் சேராது. நம் தோட்டங்களில் இப்படிப்பட்ட உடம்புவாகே அதிகம் என்பதால் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

முதல் பத்து நாட்கள்

நம்முடைய மூத்தோர் இந்த நாட்களில் தாயைப் 'பச்சை உடம்புக்காரி' என்பார்கள். அந்தச் சொல்லில் இருக்கும் கவனம் சரியானது. உள்ளே இருக்கும் காயம் ஆறாத காலம் இது. இப்போது செய்ய வேண்டிய பயிற்சி ஒன்றே ஒன்றுதான்: மூச்சு. மல்லாந்தோ ஒருக்களித்தோ படுத்து, ஒரு கையை விலாவிலும் மற்றதை அடிவயிற்றிலும் வைத்து, மூக்கால் மெதுவாக இழுத்து விலா விரிய விடுங்கள். பின் வாயால் ஊதிக்கொண்டே அடிவயிறு முதுகை நோக்கி மெல்ல உள்ளே போவதைக் கையால் உணருங்கள். ஐந்து அல்லது பத்து மூச்சு போதும். பாலூட்டி முடிக்கும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்தால் தனியாக நேரம் ஒதுக்கத் தேவையில்லை. சிசேரியன் செய்தவர்களும் வலி அனுமதிக்கும் அளவில் முதல் நாளிலிருந்தே இதைச் செய்யலாம். பாலூட்டும்போது அடிவயிற்றில் சுருக்கென்று ஒரு வலி வருவது, குறிப்பாக இரண்டாம் மூன்றாம் பிள்ளைக்குப் பின், கருப்பை சுருங்குவதன் அடையாளம், பயப்பட வேண்டியதில்லை.

படுக்கையிலிருந்து எழும்பும் முறையை இந்த நாட்களிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். மல்லாந்த நிலையிலிருந்து நேராக நிமிர்ந்து எழும்பும் ஒவ்வொரு தடவையும் முன்சொன்ன நடு நார்ப்பட்டை (இனி நடுப்பட்டை) இழுபடுகிறது. முழங்காலை மடக்கி, உடம்பு முழுவதையும் ஒரு பக்கம் புரட்டி, கால்களைக் கீழே விட்டுக்கொண்டு கையை ஊன்றி எழும்புங்கள். ஒரு நாளில் இருபது தடவையாவது எழும்பும் தாய்க்கு இந்தச் சிறு மாற்றம், பின்னால் செய்யும் எந்தப் பயிற்சிக்கும் குறையாத பலனைத் தரும்.

வயிற்றுக்கட்டு பற்றிக் கேட்காத தாய் இல்லை. பழைய சேலையோ வேட்டித் துணியோ சுற்றுவதும், கடையில் விற்கும் பெல்ட்டைப் போடுவதும் ஒன்றுதான். இரண்டும் தளர்ந்த சுவருக்குத் தாங்கல் கொடுக்கும், சிசேரியன் காயத்துடன் நடக்கும்போதும் இருமும்போதும் வலியைக் குறைக்கும். ஆனால் அவை வயிற்றைச் சுருக்குவதில்லை. இடுப்பெலும்பிலிருந்து தொடங்கி மேல்நோக்கி, உள்ளே இரு விரல் தடையின்றிப் போகும் தளர்வில் கட்டி, நடமாடும் சில மணித்தியாலங்களுக்கு மட்டும் வைத்திருங்கள். இறுக்கிக் கட்டினால் வயிற்றின் அழுத்தம் போக இடமின்றிக் கீழ்நோக்கித் தள்ளும். கருப்பையையும் சிறுநீர்ப்பையையும் அடியிலிருந்து தாங்கும், பிரசவத்தில் ஏற்கெனவே தளர்ந்துபோன அடித்தளத் தசைகள்தான் அந்த அழுத்தத்தைச் சுமக்க வேண்டியிருக்கும். கருப்பை இறக்கத்துக்கு அது துணைபோகலாம். வெந்நீரை வயிற்றில் உயரத்திலிருந்து அடித்து ஊற்றும் வழக்கமும் இதே வகையைச் சேர்ந்தது: நுவரெலியாக் குளிரில் வெதுவெதுப்பான குளியல் உடம்புக்கு இதமானது, வயிற்றைக் குறைப்பது அல்ல, வெட்டுக் காயத்தின் மேல் ஊற்றவே கூடாது.

'தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும்' என்று சொல்லித் தாயைத் தாகத்தோடு வைத்திருக்கும் வழக்கத்தை மட்டும் நான் எந்தச் சமாதானமும் இன்றி மறுக்கிறேன். தண்ணீர் குறைந்தால் மலம் இறுகும். மலம் இறுகினால் முக்க வேண்டிவரும். முக்குவது தையலுக்கும் வயிற்றுச் சுவருக்கும் அடித்தளத்துக்கும் ஒரே நேரத்தில் கேடு.

ஆறு வாரம் வரை

சுகப்பிரசவம் என்றால், முதல் வாரம் தாண்டியதும் அடித்தளத் தசைப் பயிற்சியைச் சேர்க்கலாம். வலியில்லாதவர்கள் அதற்கு முன்பே தொடங்கினாலும் தவறில்லை. சிறுநீரையும் காற்றையும் ஒன்றாக அடக்குவது போல் உள்ளே மேலிழுத்து, ஐந்து விநாடி பிடித்து, முழுவதுமாகத் தளர விட வேண்டும். இதைப் பத்துத் தடவை, நாளுக்கு மூன்று வேளை செய்யுங்கள். மூச்சை அடக்கிக்கொள்ளவும் பிட்டத்தை இறுக்கவும் கூடாது. சிறுநீர் கழித்துக்கொண்டிருக்கும்போதே நிறுத்திப் பழகுவது பிழையான முறை. இந்தத் தசைகளும் அடிவயிற்றின் ஆழத்தில் கச்சை போல் சுற்றியிருக்கும் தசையும் சேர்ந்தே வேலை செய்பவை என்பதால், கீழே இழுக்கும்போது வயிறும் தானாக உள்ளே போவதை உணர்வீர்கள்.

அடுத்து, தரையில் ஒரு பாய் விரித்து, நம் ஊர்த் தரையின் குளிருக்கு அதன் மேல் ஒரு கம்பளியை மடித்துப் போட்டு, முழங்காலை மடக்கிப் படுங்கள். மெத்தை இதற்கு உதவாது. மூச்சை வெளியே விட்டுக்கொண்டே இடுப்பைச் சற்றுச் சுருட்டி, முதுகுக்கும் பாய்க்கும் இடையிலுள்ள வளைவைச் சமமாக்குங்கள். மூச்சை இழுக்கும்போது விடுங்கள். அது இலகுவானதும், ஒரு குதிகாலை மெல்லத் தள்ளிக் காலை நீட்டி, திரும்ப இழுத்துக்கொள்ளுங்கள். பின் மற்றக் கால். ஒவ்வொன்றும் பத்துத் தடவை போதுமானது. சிசேரியன் தாய்மார் இவற்றை மூன்று நான்கு வாரங்களின் பின், காயம் உலர்ந்து வலி ஓய்ந்த பிறகு தொடங்கட்டும்.

நடை நல்லது. ஆனால் நமக்குச் சமதரை கிடைப்பதில்லை. லயத்திலிருந்து, அதாவது வரிசை வீட்டிலிருந்து, பாதைக்கு ஏறுவதற்கே எண்பது படி இருக்கும். முதலில் லயத்து வாசலிலேயே ஐந்து பத்து நிமிடம் நடந்து, பின் வாரத்துக்கு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள். நடந்த பின் உதிரப்போக்கு கூடினாலோ, கீழே ஏதோ கனத்து இறங்குவது போல் இருந்தாலோ, உடம்பு 'இது அதிகம்' என்று சொல்வதாகக் கொண்டு இரண்டு நாள் பின்வாங்குங்கள்.

இந்த ஆறு வாரங்களில் பிள்ளையின் எடையைவிடக் கூடிய எதையும் தூக்காதிருப்பதே நல்லது. பீலியிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவருவதும் விறகுக்கட்டுச் சுமப்பதும் அதில் அடங்கும். மாமியாரும் வேலைக்குப் போகும் வீட்டில் இது சொல்வதற்குச் சுலபம், செய்வதற்குக் கடினம் என்பது எனக்குத் தெரியும். கணவருக்கும் இந்தப் பத்தியை வாசித்துக் காட்டுங்கள். வேறு வழியே இல்லையென்றால் குடத்தை அரைவாசி நிரப்புங்கள், முழங்காலை மடக்கிக் குந்துங்கள், தூக்கும் கணத்தில் மூச்சை அடக்காமல் வெளியே விடுங்கள்.

விரலால் பார்க்கும் சோதனை

ஆறாம் வாரத்தின் பின், அடுத்த கட்டத்துக்குப் போகும் முன், வயிற்றுச் சுவர் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை நீங்களே பார்க்கலாம். வெறும் வயிறாக இருக்கும் காலை நேரம் வசதியானது. முழங்கால் மடக்கிப் படுத்து, ஒரு கையின் விரல்களைத் தொப்புளுக்குச் சற்று மேலே, விரல்நுனிகள் கீழ்நோக்கி இருக்குமாறு வையுங்கள். மூச்சை விட்டபடி தலையையும் தோளையும் மட்டும் சிறிது உயர்த்துங்கள். இரு பக்கமும் கயிறு போல் இறுகும் தசை விளிம்புகளுக்கு நடுவே எத்தனை விரல் இறங்குகின்றன என்று பாருங்கள். இதையே தொப்புள் மட்டத்திலும், அதற்குக் கீழும் செய்யுங்கள். ஒன்று அல்லது இரண்டு விரல் என்றால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. இரண்டுக்கு மேல் என்றால் நடுப்பட்டை இன்னும் விலகியிருக்கிறது. அகலத்தைப் போலவே ஆழத்தையும் கவனியுங்கள்: விரலை அழுத்தும்போது டிரம் தோல் போல் எதிர்த்து நிற்கிறதா, புட்டு மாவுக்குள் போவது போல் இறங்குகிறதா என்பதே என் அனுபவத்தில் கூடுதலாகச் சொல்லும் அடையாளம். மூன்று விரல் அகலமிருந்தும் நடுப்பட்டை இறுக்கமாக உள்ளவருடைய வயிறு தட்டையாகவே இருக்கலாம்.

இந்த இடைவெளி முதல் எட்டு வாரங்களில்தான் தானாக அதிகம் சுருங்குகிறது. பின்னர் வேகம் குறைகிறது. குறிப்பேட்டில் திகதியிட்டு எழுதி வைத்து, மாதம் ஒரு தடவை பாருங்கள். தினமும் பார்த்தால் மாற்றம் தெரியாது, மனந்தான் தளரும்.

ஆறு வாரத்துக்குப் பின்

இப்போதும் நான் மேலே சொன்ன பயிற்சிகளே அடிப்படை. அவற்றுடன், முழங்கால் மடக்கிப் படுத்து மூச்சை விட்டபடி இடுப்பைத் தரையிலிருந்து உயர்த்தி மூன்று விநாடி வைத்திருந்து இறக்குவதைச் சேருங்கள். ஒரு காலை மடக்கியபடியே தரையிலிருந்து உயர்த்தி இறக்குவது அடுத்தது. சுவரில் இரு கைகளையும் ஊன்றி, உடம்பை நேராக வைத்து முழங்கையை மடக்கி நீட்டுவது அதற்கும் அடுத்தது. ஒவ்வொன்றையும் பத்துத் தடவையாகத் தொடங்கி, இரு வாரத்தில் இரு சுற்றாக்குங்கள். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு பதினைந்து இருபது நிமிடம் போதும். சிசேரியன் செய்தவர்கள் மருத்துவர் பார்த்துச் சம்மதித்த பிறகே இந்தக் கட்டத்துக்கு வர வேண்டும். அது எட்டு முதல் பன்னிரண்டு வாரம் வரை ஆகலாம்.

எந்தப் பயிற்சிக்கும் ஒரே அளவுகோல்: வயிற்றின் நடுவில் கூம்பு போல் மேடு எழக்கூடாது. எழுந்தால் அந்தப் பயிற்சிக்கு உங்கள் சுவர் இன்னும் தயாரில்லை. ஒரு படி இறங்குங்கள். படுத்து எழும்பி உட்காருவது, இரு காலையும் சேர்த்து உயர்த்துவது, குப்புற முழங்கையில் நிற்பது ஆகியவை இடைவெளி சேரும்வரை வேண்டாம். ஓட்டமும் குதிப்பும் மூன்று மாதத்துக்குப் பிறகு, இருமினால் சிறுநீர் கசியாத நிலை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கர்ப்பத்தில் ஒன்பது மாதம் விரிந்தது திரும்பச் சேர ஆறு மாதமாவது எடுக்கும்; ஒரு வருடம் எடுத்தாலும் அசாதாரணமில்லை. தழும்புக் கோடுகள் வெளிறும், மறையாது. அதற்கென்று விற்கும் எண்ணெய்களில் பணம் போடுவதை நான் சொல்லமாட்டேன்.

சாப்பாடு

முழுமையாகப் பாலூட்டும் தாய்க்கு நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாகத் தேவைப்படுகிறது. அதில் ஒரு பகுதியைக் கர்ப்பத்தில் சேர்ந்த கொழுப்பிலிருந்தே உடம்பு எடுத்துக்கொள்ளும். எடை கூடியிருப்பவர்கள் வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் குறைய முயல வேண்டாம்; கர்ப்பத்துக்கு முன்பே மெலிந்திருந்தவர்கள் குறைக்கவே கூடாது. அவர்கள் வயிற்றுச் சுவர் சேர்வதற்குப் புரதம்தான் வேண்டும்.

நம் வீடுகளில் காலையில் கோதுமை மா ரொட்டியும் சம்பலும், மத்தியானம் ஒரு தட்டுச் சோறும் கொஞ்சம் குழம்பும், இரவில் மீண்டும் ரொட்டி என்று போகிறது. வயிறு நிரம்புகிறது, தசைக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. மூன்று ரொட்டி சாப்பிடும் இடத்தில் இரண்டாக்கி, கெட்டியான பருப்போ முட்டையோ சேருங்கள். சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, நெத்தலிக் கருவாடும் அவித்த கடலையும் கீரையும் கூட்டுங்கள். லயத்துக்குப் பின்னால் இரண்டு பாத்தி இருந்தால் முருங்கையும் வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் காசில்லாமல் வரும். கரட், போஞ்சி, கோவா, லீக்ஸ் நம் மண்ணிலேயே விளைகின்றன. விலை உயரும் நாட்களில் பீட்ரூட் இலையைக்கூட எறிய வேண்டியதில்லை. கிளினிக்கில் தரும் திரிபோஷ சத்துமாவை வீட்டிலுள்ள எல்லோரும் உருண்டை பிடித்துச் சாப்பிடுவதே வழக்கமாகிவிட்டது. அது தாய்க்கு என்று தரப்படுவது. 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்ற பழமொழியை நம்பிக் கொள்ளுக் கஞ்சி மட்டும் குடிப்பவர்களுக்கு: கொள்ளு நல்ல புரதம், ஆனால் அது கொழுப்பைத் தேடிப்போய்க் கரைப்பதில்லை.

சீனி போட்ட தேத்தண்ணீரைக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். ஒரு கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி, நாளுக்கு ஆறு கோப்பை என்றால் 12 தேக்கரண்டி. ஏறத்தாழ 48 கிராம் சீனி, கிட்டத்தட்ட 190 கலோரி. அதிலும் தேயிலை உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாமல் தடுக்கும். இரத்தச்சோகை உள்ள தாய்க்குப் பயிற்சி செய்யவே மூச்சு வாங்கும். ஆகவே சாப்பாட்டுக்கும் இரும்பு மாத்திரைக்கும் ஒரு மணித்தியாலமாவது தள்ளித் தேநீர் குடியுங்கள். தேயிலை பறிக்கும் நமக்கே 'மெலிவுத் தேநீர்' என்று பொட்டலம் விற்கிறார்கள். அவற்றில் பல பேதிக்கு மருந்து கலந்தவை. பாலூட்டும் காலத்தில் தொடவே வேண்டாம்.

மலைக்குத் திரும்பும்போது

தோட்டத் தொழிலாளருக்கும் பொருந்தும் இலங்கையின் மகப்பேற்று நலன்கள் கட்டளைச் சட்டம் 2018இல் திருத்தப்பட்ட பின், எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள் விடுமுறை உண்டு. அதில் ஒரு பகுதி பிரசவத்துக்கு முன்னரே கழிந்துவிடுவதால், பலர் பத்தாம் வாரமளவில் கொழுந்துக்குப் போகிறார்கள். வயிற்றுச் சுவர் பாதிதான் சேர்ந்திருக்கும் நேரம் அது.

கூடை நிறையும்வரை காத்திராமல் அரைக் கூடையில் கொட்டிவிடுங்கள்; நிறுக்கும் வேளைவரை ஒருவர் சாக்கைப் பார்த்துக்கொள்ள, மற்றவர் பறிக்கும்படி பக்கத்து நிரைக்காரியுடன் பேசிக்கொள்ளலாம். நிறை கூடையைத் தூக்கித் தலைக்கயிற்றை மாட்டும்போது தனியாகத் தூக்காமல் ஒரு கை கேளுங்கள். படங்கை (உடுப்பின் மேல் சுற்றும் தடித்த விரிப்பை) இடுப்பில் கட்டும் கயிறு தொப்புளுக்கு மேலே அழுந்தினால், இறுக்கிய வயிற்றுக்கட்டின் அதே தீமையை எட்டு மணித்தியாலம் செய்யும். அதை இடுப்பெலும்பின் மேல் இறக்கிக் கட்டுங்கள். வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்குக் கிட்டிய மலையில் வேலைக்குப் பேர் போடும்படி கங்காணியிடம் கேட்கத் தயங்க வேண்டாம். பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை நாளுக்கு இரண்டு தடவை பாலூட்டும் இடைவேளை சட்டப்படி உங்களுக்குரியது, சலுகை அல்ல. அந்த இடைவேளையில் பிள்ளை பால் குடிக்கும்போது, முதுகைச் சுவரில் சாய்த்து அந்த முதல் நாள் மூச்சுப் பயிற்சியையே செய்யலாம்.

யாரிடம், எப்போது போவது

குடும்ப நல உத்தியோகத்தர், நாம் மிட்வைஃப் மிஸ் என்று அழைப்பவர், பிரசவத்துக்குப் பின் வீட்டுக்கு வருவார். பிள்ளையின் எடையை மட்டும் காட்டி அனுப்பிவிடாமல், உங்கள் வயிற்றையும் தையலையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் ஒரு துணி நனையும் அளவு உதிரப்போக்கு, காய்ச்சல், துர்நாற்றம், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சு முட்டல், தாங்க முடியாத தலைவலி, காயத்தில் சீழ் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல், தோட்டத்து லொறியையாவது கேட்டு வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அவசரமில்லாத, ஆனால் விட்டுவிடக் கூடாத வேறு சில உண்டு. பன்னிரண்டு வாரம் கழித்தும் மூன்று விரல் இறங்குகிறது, இருமும்போது தொப்புளில் ஒரு உருண்டை வெளியே வருகிறது, தும்மினால் சிறுநீர் கசிகிறது, கீழே ஏதோ இறங்கி நிற்கிறது என்றால், கிளினிக் மருத்துவரிடம் இயன்மருத்துவ (பிசியோதெரபி) பிரிவுக்கு ஒரு கடிதம் கேளுங்கள். நுவரெலியா, பதுளை போன்ற மாவட்டத்துப் பெரிய அரச ஆஸ்பத்திரிகளில் அந்தப் பிரிவு உண்டு, கட்டணம் இல்லை. "வயிறு பெருசா இருக்கு" என்று மட்டும் சொன்னால் எடையைக் குறைக்கச் சொல்லி அனுப்பிவிடக்கூடும். "தொப்புளுக்கு மேல மூணு விரல் போகுது, எழும்பும்போது மேடு வருது" என்று குறிப்பேட்டைக் காட்டிச் சொல்லுங்கள். உருண்டை உள்ளே போகாமல் நின்று வலித்தால் அது குடலிறக்கம் சிக்கிய நிலையாக இருக்கலாம், அன்றே போக வேண்டும்; மற்றபடி அறுவைச் சிகிச்சை தேவைப்படும் சிலருக்கும், இனிப் பிள்ளை வேண்டாம் என்று முடிவான பின்பே அதைச் செய்வது வழக்கம் என்பதால், மருத்துவரிடம் அதையும் மறைக்காமல் பேசிக்கொள்ளுங்கள்.